முதலில் விளிம்பைப் பாருங்கள்

கேள்வி: பழைய சாமான்கள் விற்பவரிடமிருந்து எட்டு மூலை கொண்ட ஒரு வெள்ளி வில்லை வாங்கினேன். ஒரு பக்கம் நெருப்பிலிருந்து எழும் பறவை. பிரெஞ்சு எழுத்துகளும் 1819 என்ற ஆண்டும் இருக்கின்றன. மதிப்பு எங்கும் போடவில்லை. இது நாணயமா, பதக்கமா? இருநூறு வருஷப் பழசு என்று நம்பலாமா?

பதில்: உங்களிடம் இருப்பது பிரான்சின் இன்ஷூரன்ஸ் டோக்கன். பிரெஞ்சில் 'ஜெத்தோன்' என்பார்கள். அந்தப் பறவை ஃபீனிக்ஸ். 1819இல் தொடங்கிய 'ஃபேனிக்ஸ்' காப்பீட்டு நிறுவனத்தின் சின்னம். எரிந்த வீட்டைத் திரும்ப எழுப்பித் தருவோம் என்பதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான உருவம் கிடைக்காது.

இது பாலிசி எடுத்தவருக்குக் கொடுத்ததல்ல. நிறுவனத்தின் இயக்குநர்கள் கூட்டத்துக்கு வந்தால், வந்ததற்காக ஆளுக்கு ஒரு வெள்ளி டோக்கன் கொடுப்பார்கள். இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு முன்பே இந்த வழக்கம் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர், பிரெஞ்சு அகாடமி உறுப்பினர்கள் ஒழுங்காகக் கூட்டத்துக்கு வரட்டும் என்று வெள்ளி டோக்கன் கொடுக்க ஏற்பாடு செய்தார். அதற்கும் முன்னால் ஜெத்தோன் என்பது கணக்குப் பலகையில் வைத்துக் கூட்டிக் கழிக்கும் காய். கணக்கு காகிதத்துக்கு மாறியபோது காய் பரிசாகவும் வருகைப்படியாகவும் மாறியது. பிரெஞ்சு நிறுவனச் சட்டத்தில் இயக்குநர்களின் படிக்கு 'வருகை டோக்கன்' என்ற பெயரே 2019 வரை நீடித்தது.

சரி, வயசுக்கு வருவோம். 1819 நிறுவனம் பிறந்த ஆண்டு. டோக்கன் அடித்த ஆண்டு அதுவாக இருக்க வேண்டியதில்லை. அதே முகப்பை வைத்துப் பல பத்தாண்டுகள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். நிஜமான வயசு விளிம்பில் இருக்கிறது. ஒரு லென்ஸ் எடுத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பிடித்து, எட்டு பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். 'அர்ழான்' (வெள்ளி) என்ற சொல்லும், பக்கத்திலேயே கடுகளவு ஒரு சின்னமும் தென்படலாம். அது பாரிஸ் நாணயச்சாலையின் முத்திரை. விளக்கு என்றால் 1832 முதல் 1841க்குள். நங்கூரம் என்றால் 1841, 42. கப்பலின் முன்பகுதி என்றால் 1845 வரை. சுட்டும் கை என்றால் 1845 முதல் 1860 வரை. தேனீ இருந்தால் 1860க்குப் பிறகு, 1880க்கு முன். பூவும் பழமும் வழியும் கொம்பு இருந்தால் 1880இலோ அதற்குப் பிறகோ அடித்தது. விளிம்பில் ஒன்றுமே இல்லையென்றால் 1832க்கு முந்தியதாக இருக்க வாய்ப்புண்டு. அப்போதுதான் உங்கள் இருநூறு வருஷக் கணக்கைப் பேசலாம்.

நான் முதன்முதலில் வாங்கியது 'சொலெய்' நிறுவனத்தின் டோக்கன். சூரிய முகம், 1829 என்ற ஆண்டு. அந்த ஆண்டையே ஒரு சீட்டில் எளிதாக எழுதி உறைக்குள் போட்டுவிட்டேன். மூன்று வருஷம் கழித்து வேறு எதற்கோ லென்ஸை எடுத்தபோது விளிம்பில் ஒரு தேனீ தெரிந்தது. இறக்கையும் உடல் கோடுகளும்கூட அவ்வளவு தெளிவு. முப்பது வருஷத்துக்கும் மேல் வித்தியாசம்! ஏமாற்றமாக இல்லை. அந்தத் தேனீயைப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்தப் பைத்தியம் முழுசாகப் பிடித்தது.

கேள்வி: இந்த டோக்கன்களில் 1818, 1819, 1820 என்றே அதிகம் பார்க்கிறேன். அதற்கு முன் பிரான்சில் இன்ஷூரன்ஸே இல்லையா?

பதில்: கப்பலுக்கு இருந்தது. மனித உயிருக்குத்தான் தடை. 1681இல் வந்த கடல் சட்டம் உயிரின்மேல் காப்பீடு செய்யவே கூடாது என்றது. ஒரு மனிதனின் சாவின்மேல் பணம் வைப்பது அறமற்றது என்பது அந்தக் கால எண்ணம். அந்தச் சட்டத்தின் பின்னால் இருந்தவரும் அதே கோல்பேர்தான்! டோக்கனுக்கு வழிகாட்டியவரே இன்ஷூரன்ஸுக்குக் கதவைச் சாத்தியதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியம். 1787இல் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் அரச அனுமதியோடு முளைத்தது. புரட்சியில் அதுவும் போனது. நெப்போலியன் காலம் முடிந்து ஊர் அமைதியான பிறகுதான் நிறுவனங்கள் வரிசையாக வந்தன. அதனால்தான் அந்த ஆண்டுகள் உங்கள் கண்ணில் அடிக்கடி படுகின்றன.

இவற்றில் பெரியவற்றை 1946இல் அரசு எடுத்துக்கொண்டது. 1968இல் ஒன்றோடொன்று இணைத்தது. ஃபீனிக்ஸ், சூரியன், கழுகு என்று தனித்தனி முகத்தோடு இருந்தவை எழுத்துச் சுருக்கப் பெயர்களுக்குள் கரைந்தன. டோக்கனில் மட்டும் அந்த முகங்கள் அப்படியே இருக்கின்றன.

கேள்வி: தீக்காப்பீடு செய்த வீட்டுக்கு அடையாளமாகச் சுவரில் பதித்த இன்ஷூரன்ஸ் தகடுகளையும் இதோடு சேர்த்துச் சேகரிக்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் அது வேறு உலகம், இடமும் நிறைய வேண்டும். 1710இல் தொடங்கிய லண்டனின் 'சன்' நிறுவனத்தின் பழைய ஈயத் தகடுகளில் சூரியனுக்குக் கீழே பாலிசி எண் இருக்கும். அந்தப் பதிவேடுகள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. எண்ணை வைத்து வீட்டுக்காரரின் பெயர், தொழில் வரை போய்விடலாம். அமெரிக்காவில் பிலடெல்பியாவின் மர உருவம் கொண்ட தகடு எனக்கு இன்னும் பிடிக்கும். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் முன்னின்று 1752இல் தொடங்கிய நிறுவனம், 1781இல் வாசலில் மரம் உள்ள வீடுகளுக்குக் காப்பீடு இல்லை என்று முடிவெடுத்தது. மரத்தை வெட்ட மனமில்லாதவர்கள் 1784இல் தங்களுக்கென்று ஒன்று தொடங்கி, மரத்தையே சின்னமாக வைத்துக்கொண்டார்கள்.

கேள்வி: கறுத்துப்போன டோக்கனை எப்படிச் சுத்தம் செய்வது?

பதில்: செய்யாதீர்கள். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் முதலில் மழுங்குவது விளிம்பில் இருக்கும் அந்தக் கடுகளவு சின்னம்தான். அந்தக் கறுப்பு நிறம் வெள்ளியை ஒன்றும் செய்யாது. மெத்தென்ற பிவிசி உறைகளில் மட்டும் வைக்க வேண்டாம், நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுத்து உலோகத்தை அரிக்கும். அமிலம் இல்லாத காகித உறை போதும். சீட்டில் இரண்டு ஆண்டுகளையும் தனித்தனியாக எழுதுங்கள்: முகப்பில் உள்ளது ஒன்று, விளிம்பு சொல்வது ஒன்று.