பழைய கேமராக்களும் லென்ஸ்களும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

ஃபிலிம் காலத்துக் கேமராக்களையும் லென்ஸ்களையும் நெடுங்காலமாகச் சேர்த்து வருகிறேன். பிழைப்புக்கு வேறு வேலை, இது விருப்பத்துக்கு. அலமாரியில் இருக்கும் ஒவ்வொன்றும் படம் எடுக்கும் நிலையில் இருந்தாக வேண்டும் என்பது என் பிடிவாதம். இதே ஆர்வம் கொண்டவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இங்கே.

கேள்வி: சேகரிக்கத் தொடங்கலாம் என்றிருக்கிறேன் ஐயா. முதலில் எந்தக் கேமராவை வாங்குவது?

கேமராவை முடிவு செய்வதற்கு முன் மவுண்ட்டை, அதாவது லென்ஸைக் கேமராவில் பூட்டும் அமைப்பை, முடிவு செய்யுங்கள். பாடி பழுதாகும், கைமாறும். லென்ஸ்தான் உங்களோடு தங்கும். முதல் பாடி முழுக்க இயந்திரத்தில் இயங்குவதாக இருக்கட்டும். பென்டாக்ஸ் கே1000 நல்ல தொடக்கம். 1976 முதல் 1997 வரை தயாரிக்கப்பட்டது. பேட்டரி ஒளிமானிக்கு மட்டுமே. நிக்கான் எஃப்எம்2 (1982) கேமராவின் ஷட்டர் (ஒளியை நொடிப்பொழுது உள்ளே விடும் திரை) பேட்டரி இல்லாமலே 1/4000 நொடி வேகம் வரை ஓடும். கேனன் ஏஇ-1 எனக்கும் பிடித்த கேமராதான். ஆனால் அதன் ஷட்டர் மின்னணுவியலில் இயங்குவது. பேட்டரி தீர்ந்தால் பொத்தானை அழுத்தியும் பயனில்லை. அதை இரண்டாவதாக வாங்குங்கள்.

கேள்வி: 50 மி.மீ. குவியத் தூரத்திலேயே இத்தனை லென்ஸ்கள் எதற்கு? ஒன்று போதாதா?

படம் எடுக்க ஒன்று போதும். ஒரே சிக்கலை வெவ்வேறு காலத்து அறிஞர்கள் எப்படித் தீர்த்தார்கள் என்று கண்ணால் காண ஒன்று போதாது.

இன்று நாம் பயன்படுத்தும் 50 மி.மீ. லென்ஸ்களில் பல, ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் 1896இல் வடிவமைத்த பிளானர் லென்ஸின் வழியில் வந்தவை. அந்த வடிவத்துக்கு அன்று ஒரு பெரிய இடையூறு இருந்தது. பூச்சு இல்லாத கண்ணாடி காற்றைத் தொடும் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பிவிடும். ஆறு கண்ணாடிகளை நான்கு தொகுதிகளாக அடுக்கினால் எட்டுப் பரப்புகள். நுழைந்த ஒளியில் கால் பங்குக்கு மேல் ஃபிலிமை ஒழுங்காக அடையாது. அதில் ஒரு பகுதி உள்ளேயே அலைந்து படத்தை வெளிறச் செய்யும்.

1930களின் தொடக்கத்தில் ஜெர்மன் லென்ஸ் வடிவமைப்பாளர் லுட்விக் பெர்டெலே இதற்கு வேறு வழி கண்டார். அவருடைய சொன்னார் எஃப் 1.5 லென்ஸில் (எஃப் எண் சிறிதானால் ஒளி நுழையும் துளை பெரிது) ஏழு கண்ணாடிகள் இருந்தும் அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி மூன்றே தொகுதிகளாக்கினார். காற்றைத் தொடும் பரப்புகள் ஆறாகக் குறைந்தன. எனக்கு இது மனித அறிவின் அழகான வெளிப்பாடுகளில் ஒன்று. பிறகு 1935இல் ஜெய்ஸின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சைக் கொண்டுவந்தார். பூச்சு பரவியபின் பரப்புகளின் எண்ணிக்கை பெரிய தடையாக இல்லை. பிளானரின் வடிவம் மீண்டு வந்தது. சொன்னாரின் பின்கண்ணாடி ஃபிலிமை நெருங்கி நிற்பதால், எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியே வரும் காட்சியை ஆடியில் பிரதிபலித்துக் காட்டும் வகை) கேமராவில் மேலெழும் ஆடிக்கு அது இடம் விடவில்லை என்பதும் சேர்ந்துகொண்டது. தொடக்ககால எஸ்எல்ஆர் லென்ஸ்கள் பல 55, 58 மி.மீ. என்று இருப்பதற்கும் அந்த ஆடிதான் காரணம்.

கேள்வி: ஹீலியோஸ் 44-2 லென்ஸ் வாங்கினேன். எல்லோரும் சொல்லும் அந்தச் சுழல் பின்னணி எனக்கு வரவே இல்லை.

லென்ஸில் குறை இருக்காது. படத்தின் ஓரத்துக்குச் செல்லும் ஒளிக்கற்றையை லென்ஸின் குழலே ஓரளவு மறைக்கிறது. அதனால் வட்ட ஒளிப்புள்ளிகள் இலை வடிவமாகி மையத்தைச் சுற்றி அணிவகுக்கின்றன. எஃப் 2இல் வைத்து, ஆளை அருகில் நிறுத்தி, இலைகளின் இடைவெளியில் ஒளி கசியும் மரங்களைச் சற்றுத் தொலைவில் பின்னணியாக வையுங்கள். எஃப் 5.6க்குப் போனால் சுழல் மறைந்துவிடும். வெறும் சுவரின் முன்னால் எத்தனை படம் எடுத்தாலும் வராது.

கேள்வி: லென்ஸுக்குள் வலை போலப் பூஞ்சை. இனி பயனில்லையா?

எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்தது. தொடக்க நிலையில் பிரித்துத் துடைத்தால் போய்விடும். பூச்சை அரித்திருந்தால் தடம் நிரந்தரம். அப்போதும் சிறு தடம் படத்தில் தெரிவது அரிது. வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும்போதுதான் படம் மங்கும். வாங்குமுன் டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சிப் பாருங்கள். முன்கண்ணாடியில் ஒரு கீறல் இருப்பதைவிட உள்ளே மெல்லிய புகைபோல் படிந்திருப்பது மோசம்.

ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை வளரும். 40 முதல் 50க்குள் வையுங்கள். இறுக மூடும் பெட்டி, சிலிக்கா ஜெல், ஓர் ஈரப்பதமானி போதும். பழைய தோல் உறைக்குள் மட்டும் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

கேள்வி: எம்42 (திருகி மாட்டும் பழைய மவுண்ட்) லென்ஸ் என் கேனனில் நன்றாக வேலை செய்கிறது. நண்பரின் நிக்கான் எஸ்எல்ஆரில் தூரத்து மலை தெளியவில்லை. ஏன்?

மவுண்ட்டிலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரை உள்ள தூரம்தான் காரணம். எம்42க்கு அது 45.46 மி.மீ. கேனன் இஎஃப் மவுண்ட்டுக்கு 44. மிச்சமிருக்கும் இடத்தில் அடாப்டர் (இணைப்பு வளையம்) அமர்ந்துவிடும். நிக்கான் எஃப் மவுண்ட்டுக்கு 46.5 என்பதால் லென்ஸ் ஏற்கெனவே தள்ளி நிற்கிறது, அதனால் தூரத்துப் பொருள் குவியாது. இடையில் திருத்தும் கண்ணாடி வைத்த அடாப்டர்கள் உண்டு. லென்ஸின் குணத்தையே அவை கெடுப்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன். சோனி இ மவுண்ட்டுக்கு 18 மி.மீ.தான். ஏறக்குறைய எல்லாப் பழைய எஸ்எல்ஆர் லென்ஸும் அதில் பொருந்தும்.

கேள்வி: ஒலிம்பஸ் ஓஎம்-1இன் ஒளிமானி தவறாகக் காட்டுகிறது.

அது 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. அந்தப் பேட்டரி இன்று தயாரிப்பில் இல்லை. 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டால் உள்ளதைவிட அதிக வெளிச்சம் இருப்பதாகக் காட்டும், படம் இருண்டுவிடும். ஆல்கலைனின் மின்னழுத்தம் நாளாக நாளாக இறங்குவதால் பிழையும் ஒரே அளவில் நிற்காது. காதொலிக் கருவிக்கான 675 துத்தநாகக் காற்று பேட்டரியை வளையம் வைத்துப் பொருத்துங்கள். விரைவில் தீரும், ஆனால் சரியாகக் காட்டும்.

கேள்வி: சூப்பர் டாகுமர் 50 மி.மீ. எஃப் 1.4 மஞ்சளாகிவிட்டது. கதிரியக்கம் என்கிறார்களே, பயப்பட வேண்டுமா?

ஒளிவிலகலைக் கூட்டுவதற்காக அதன் கண்ணாடியில் தோரியம் ஆக்சைடு சேர்த்தார்கள். மஞ்சள் நிறம் அதன் விளைவு. சில நாள் புறஊதா விளக்கின் கீழ் வைத்தால் பெரும்பாலும் தெளியும். அலமாரியில் வைத்துப் படம் எடுப்பதில் கவலை வேண்டாம். கண்ணாடியைத் தேய்க்கவோ, கண்ணோடு ஒட்டிப் பார்க்கும் லென்ஸாகவோ பயன்படுத்தக் கூடாது.

கேள்வி: பயன்படுத்தாத நாட்களில் கேமராவை எப்படி வைப்பது?

ஷட்டரை விடுவித்து, பேட்டரியைக் கழற்றி வையுங்கள். அவ்வப்போது எடுத்து எல்லா வேகத்திலும் ஓட்டுங்கள். மெதுவான வேகங்கள்தான் முதலில் தடுமாறும். துணித் திரை கொண்ட ரேஞ்ச்ஃபைண்டர் (காட்சியை லென்ஸ் வழியே அல்லாமல் தனிச் சாளரத்தில் பார்க்கும் கேமரா) என்றால் லென்ஸ் மூடி கட்டாயம். லென்ஸ் வழியே சூரியன் குவிந்தால் திரையில் ஓட்டை விழும். ஒவ்வொரு கேமராவோடும் ஓர் அட்டை வைத்திருக்கிறேன்: எந்தப் பேட்டரி, கடைசியாக எப்போது பழுது பார்த்தது, எந்த வேகம் பிசகுகிறது. எனக்குப் பின் அதை எடுப்பவர் முதல் ரோலை வீணாக்க வேண்டியிருக்காது.