மணற்காட்டுக்கு அல்டோவில் போகலாமா?

கேள்வி: கனடாவிலிருந்து வரும் மச்சானின் குடும்பத்துக்கு வடமராட்சிக் கடற்கரையில் இருக்கும் மணற்காட்டு மணல்மேடுகளைக் காட்ட வேண்டும். என்னிடம் இருப்பது அடி தாழ்ந்த அல்டோ கார்தான். கொண்டுபோகலாமா அண்ணை?
– சுன்னாகம் வாசகர்

பதில்: போகலாம் தம்பி, தார் வீதி முடிகிற இடம்வரைக்கும். அதற்குப் பிறகு நடைதான். மணலில் புதைந்து கிடக்கும் அந்தோனியார் கோவில் இடிபாட்டையும் சவுக்கங்காட்டையும் நடந்து பார்ப்பதுதான் அழகு.

ஐந்து பேர் ஏறினால் கார் இன்னும் தாழும், அடிப்பக்கம் மணலில் முட்டிவிட்டால் சில்லுக்குப் பாரம் குறைந்து பிடிமானம் போய்விடும். அந்த நேரம் அக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க முன்சில்லு தனக்குத் தானே குழி தோண்டும் (நானும் ஒருமுறை தோண்டியவன்தான், கடைசியில் உழவு இயந்திரம் வந்துதான் இழுத்தது). தவறிப் புதைந்தால் உடனே நிறுத்தி, எல்லாரையும் இறக்கி, சில்லுக்கு முன்னாலும் அடியிலும் மணலை வாரிவிட்டு, ரயர் காற்றை 30 பிஎஸ்ஐயிலிருந்து 20 அளவுக்கு இறக்குங்கள், ரயர் பரந்து மணலில் மிதக்கும். பலகையோ கால்மிதியோ கொடுத்து, வந்த தடத்திலேயே மெல்லப் பின்னுக்கு எடுங்கள். திரும்பத் தார் வீதிக்கு ஏறியதும் காற்றடிக்க வேண்டும், அதனால் சின்னப் பம்ப் ஒன்று டிக்கியில் இருக்கட்டும். சரி, தண்ணீர்ப் போத்தலும்.