அடுத்தவர் கதாபாத்திரத்தையும் தானே ஆட்டி வைக்கிற நண்பர்

தம்பி, பண்டாரவளையில் ஐந்து பேர் ஆளுக்கொரு கதாபாத்திரமாகச் சேர்ந்து ஆடும் மாயாஜாலக் கதை விளையாட்டில் ஒருவர் மட்டும் "வெட்டினேன், அரக்கன் செத்தான், உன் மந்திரவாதி பயந்து ஓடினான்" என்று எல்லாவற்றையும் தானே முடித்துவிடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

முயற்சியை மட்டும்தான் சொல்லலாம், முடிவைச் சொல்லக்கூடாது என்று விதி வையுங்கள். "வாளை ஓங்குகிறேன்" என்பதோடு அவர் நிறுத்த வேண்டும். பட்டதா என்பதை டைஸ் சொல்லும், அப்புறம் ஆட்டத்தை நடத்துகிற நீங்கள் சொல்வீர்கள். மந்திரவாதி பயந்தானா என்பதை அவனை ஆடுகிறவர்தான் சொல்ல வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

டைஸை உருட்டும் முன்பே, காரியம் பலிக்க எட்ட வேண்டிய இலக்கு எண்ணை அறிவித்துவிடுங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற இவ்வகை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் நடுத்தரமான காரியத்துக்கு 15. பாத்திரத்தின் திறமைக்கு 5 கூடுமென்றால், இருபது முக டைஸில் 10 விழுந்தாலே போதும். வாய்ப்பு 55 சதவீதம்.

ஹட்டனில் நாங்கள் சிங்கமலை ரயில் சுரங்கத்துக்குள் பூதம் இருப்பதாகக் கதை வைத்து ஆடினோம். இலக்கு 15 என்றேன், டைஸில் விழுந்ததையும் திறமையையும் கூட்டினால் 14, ஒன்று குறைவு. எப்போதும் சத்தம் போடுகிற பையன் டைஸை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, பேசாமல் பக்கத்துப் பிள்ளையிடம் நகர்த்தினான்.

சரி, அடுத்த ஆட்டத்துக்கு முன் அவரிடம் தனியாகப் பேசுங்கள். எல்லோர் முன்னாலும் வேண்டாம்.