கோயிலுக்குத் துப்பாக்கியோடு வருபவரைத் தடுக்க முடியுமா?

கேள்வி: டெக்ஸஸில், டல்லாஸ் புறநகரில் வசிக்கிறோம். கணவர் எச்-1பி வேலை விசா, நான் அவரைச் சார்ந்த எச்-4 விசா. மளிகைக் கடையில் பில் போடும் வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர் இடுப்பில் பிஸ்டல். சரியாக என் சின்ன மகளின் முகத்துக்கு நேரே. யாரும் கண்டுகொள்ளவில்லை, கேஷியர் சிரித்துப் பேசியபடியே பில் போட்டார். இன்னொரு நாள் எங்கள் கோயிலுக்கும் ஒருவர் அப்படியே வந்தார். பிரசாத வரிசையில் நின்றவர்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள். போலீஸைக் கூப்பிடலாமா? கோயில் கமிட்டி என்ன செய்யலாம்? சுட்டுப் பழகினால் பயம் போய்விடும் என்று கணவரின் ஆபீஸ் நண்பர் எங்களை ஷூட்டிங் ரேஞ்சுக்கு அழைக்கிறார். போகலாமா?

பதில்: சகோதரி, நீங்கள் பயந்ததில் தவறே இல்லை. போலீஸ்காரரிடமும் பேங்க் வாசல் காவலாளியிடமும் மட்டுமே துப்பாக்கியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் டெக்ஸஸில் லைசன்ஸ் உள்ளவர்கள் கைத்துப்பாக்கியை வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ள 2016 ஜனவரி 1 முதலே அனுமதி உண்டு. 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, சட்டத் தடை எதுவும் இல்லாதவருக்கு லைசன்ஸே தேவையில்லை. வெளியே தெரிந்தால் அது உறைக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த கேஷியருக்கு இது தினசரிக் காட்சி.

ஆகவே இடுப்பில் துப்பாக்கி இருப்பது மட்டும் குற்றமாகாது. அவர் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உறையிலிருந்து உருவினாலோ, யாரையாவது மிரட்டினாலோ, முதலில் குழந்தையோடு வெளியேறுங்கள், பிறகு அவசர உதவி எண்ணான 911-ஐ அழையுங்கள். பிறர் மிரள வேண்டும் என்றே பொது இடத்தில் துப்பாக்கியைக் காட்டுவது அங்கும் குற்றம்தான். போனில் கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். பயத்தில் ஒன்றைக் கூட்டிச் சொன்னால், வருகிற போலீஸார் அந்த எண்ணத்தோடுதான் வருவார்கள். அப்பாவி ஒருவரின் உயிரே போகலாம்.

கடை நிர்வாகத்துக்கும் எழுதுங்கள். 2019 ஆகஸ்டில் எல் பாசோ வால்மார்ட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 23 பேர் பலியானார்கள். அடுத்த மாதமே வால்மார்ட்டும் க்ரோகர் என்ற மளிகைக் கடை நிறுவனமும், துப்பாக்கியை வெளியே தெரியும்படி எடுத்து வரவேண்டாம் என்று வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டன. வாடிக்கையாளரின் பேச்சுக்குக் கடைகளில் மதிப்பு உண்டு.

கோயில் விஷயத்தில் உங்கள் கை இன்னும் ஓங்கியிருக்கிறது. அது தனியார் இடம். யார் எதோடு உள்ளே வரலாம் என்று கமிட்டியே முடிவு செய்யலாம். ஆனால் துப்பாக்கிப் படத்தின்மேல் சிவப்புக் கோடு போட்ட ஸ்டிக்கர் போதாது, லைசன்ஸ் உள்ளவரை அது கட்டுப்படுத்தாது. மாநிலத் தண்டனைச் சட்டத்தின் 30.07 பிரிவில் உள்ள வாசகத்தை ஒரு சொல்லும் மாற்றாமல், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், குறைந்தது ஒரு அங்குல உயர எழுத்தில், பின்னணியிலிருந்து எடுப்பாகத் தெரியும் நிறத்தில் எழுதி ஒவ்வொரு வாசலிலும் வைக்க வேண்டும். செருப்பு விடும் பக்கவாட்டு வாசலைப் பலர் மறந்துவிடுகிறார்கள், அங்கும் வையுங்கள். லைசன்ஸ் இல்லாமல் எடுத்து வருபவர்களுக்கு 30.05 பிரிவின்படி தனிப் பலகை வேண்டும். மறைத்து எடுத்து வரும் லைசன்ஸ்காரர்களையும் தடுப்பதென்றால் 30.06 பலகையும் சேரும்.

பலகை வரும்வரை, கமிட்டி சார்பில் ஒருவர் தன்மையாக, "ஐயா, இதை வண்டியில் வைத்துவிட்டு வாருங்கள்" என்று சொன்னாலே சட்டப்படி அறிவிப்பாகும். பெரும்பாலானவர்கள் கேட்டுக்கொள்வார்கள். சொல்லியும் வெளியேற மறுப்பவருக்கு ஓராண்டு வரை சிறையும் 4,000 டாலர் வரை அபராதமும் விதிக்க முடியும். அப்போது வாக்குவாதம் வேண்டாம், போலீஸை அழையுங்கள்.

கடைசிக் கேள்விதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. ரேஞ்சுக்குப் போகாதீர்கள். எச்-1பி, எச்-4, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ கைவசம் வைத்திருப்பதை மத்திய சட்டம் தடை செய்கிறது. நண்பருடையதை வாங்கி ஒருமுறை சுட்டாலும் கைவசம் வைத்திருந்ததாகவே கொள்ளப்படும். தண்டனை 15 ஆண்டு வரை போகலாம், நாடுகடத்தலும் உண்டு. முறையான வேட்டை லைசன்ஸ் போன்ற சில விலக்குகள் இருக்கின்றன. குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் அவற்றை நம்பி இறங்க வேண்டாம். நண்பருக்குக் குடியுரிமை இருக்கலாம், அவருக்கு இந்தத் தடை கிடையாது. அதனால்தான் இது அவருக்குத் தோன்றியிருக்காது. காரணத்தை அவரிடம் வெளிப்படையாகவே சொல்லிவிடுங்கள்.