உளநோய்க்கு மட்டும் ஏன் விலக்கு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனது மகன் கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறார். சென்ற ஆண்டு அவருக்கு நடந்த அப்பெண்டிக்ஸ் சத்திரசிகிச்சைக்கான செலவை நிறுவனத்தின் குழுக் காப்புறுதி முழுமையாக வழங்கியது. இவ்வாண்டு கடும் மனச்சோர்வுக்காகத் தனியார் வைத்தியசாலையில் ஒன்பது நாட்கள் தங்கிச் சிகிச்சை பெற்றபோதோ, உளக் கோளாறுகளுக்குக் கொடுப்பனவு இல்லை என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். “பெரியாஸ்பத்திரியில் இலவசமாகக் காட்டியிருக்கலாமே” என்று உறவினர்கள் சொல்கிறார்கள். இது நியாயமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கொக்குவில்

பதில்: நியாயமல்ல. உறவினர்கள் சொல்வதை முதலில் எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. போர்க்காலத்திலும் அதன் பின்னரும் அங்கு பணியாற்றியவர்களுக்கு எமது சமூகம் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் அப்பெண்டிக்ஸ் சத்திரசிகிச்சையும் அரச வைத்தியசாலையில் இலவசந்தானே? அதற்குக் காப்புறுதி பணம் கொடுத்தபோது, இலவசமாகச் செய்திருக்கலாமே என்று எவரும் கேட்கவில்லை. ஒரே மனிதருக்காக, ஒரே கட்டுப்பணத்தைப் பெற்றுக்கொண்ட நிறுவனம், நோய் வயிற்றில் வந்தால் ஒரு முறையும் மனத்தில் வந்தால் இன்னொரு முறையும் கைக்கொள்வதே இங்குள்ள அநீதி.

உளநோயை ஸ்கானில் காட்ட முடியாது, அது எப்போது தீரும் என்று சொல்ல முடியாது என்பவையே காப்புறுதித் துறையினர் வழமையாகக் கூறும் காரணங்கள். ஒற்றைத் தலைவலியும் ஸ்கானில் தெரிவதில்லை. நீரிழிவு ஆயுள் முழுவதும் தொடர்வது. அவற்றுக்கு நிபுணரின் அறிக்கையை ஏற்றுக்கொள்பவர்கள், உளமருத்துவ நிபுணரின் அறிக்கையை மட்டும் ஏற்க மறுப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

அயல்நாட்டில் இது சட்டமாகவே இருக்கிறது. இந்தியாவின் 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு வழங்கும் அதே அடிப்படையில் உளநோய்ச் சிகிச்சைக்கும் காப்புறுதி வழங்க வேண்டும் என்று ஒவ்வொரு காப்புறுதி நிறுவனத்தையும் கட்டாயப்படுத்துகிறது. அச்சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த பின்னரும் கொடுப்பனவு மறுக்கப்பட்ட ஒரு பெண் வழக்குத் தொடர்ந்தார். 2021 இல் டில்லி உயர் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அமெரிக்காவின் அனுபவம் இன்னும் கவனிக்கத்தக்கது. அங்கு 1996 இல் வந்த சட்டம், ஆண்டுக்கும் ஆயுளுக்குமான பண உச்சவரம்பு இருவகை நோய்களுக்கும் சமமாக இருக்க வேண்டும் என்று மட்டுமே சொன்னது. நிறுவனங்களோ வரம்பைச் சமமாக்கிவிட்டு, உளநோயாளர் வைத்தியசாலையில் தங்கக்கூடிய நாட்களையும் வைத்தியரைப் பார்க்கக்கூடிய தடவைகளையும் குறைத்தன. அந்த ஓட்டையை அடைப்பதற்கு 2008 இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. நாமும் ஒரு சட்டத்தைக் கோரும்போது இதை மனத்திற் கொள்ள வேண்டும். ஏனெனில் உளநோய்ச் சிகிச்சையின் பெரும்பகுதி கட்டிலில் அன்றி, மாதாந்தக் கிளினிக்கிலும் மருந்திலும் உளவளத்துணையிலுமே நடைபெறுகிறது. வாட்டில் தங்கினால் மட்டும் பணம் தரும் காப்புறுதி, உளநோயாளருக்குப் பெயரளவிலேயே சமமாக இருக்கும்.

எமது நாட்டில் உளநோய் தொடர்பான அடிப்படைச் சட்டம், பிற்காலத் திருத்தங்களோடு, இன்றும் 1873 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமே. காப்புறுதியில் சமத்துவம் என்ற எண்ணமே அக்காலத்தில் இருக்கவில்லை. எனினும் இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்திய, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 25 ஆவது உறுப்புரை, நீண்டகால உளநலக் குறைபாடு உள்ளவர்கள் உட்பட மாற்றுத்திறனாளிகளுக்குச் சுகாதாரக் காப்புறுதியிலும் ஆயுள் காப்புறுதியிலும் பாகுபாடு காட்டப்படுவதைத் தடைசெய்யுமாறு அரசுகளைக் கோருகிறது. அந்த வாக்குறுதியை உள்நாட்டுச் சட்டமாக்குமாறு கேட்கும் உரிமை எமக்கு உண்டு.

உங்கள் மகன் உடனடியாகச் செய்யக்கூடியவை சில உள்ளன. மறுப்புக்கான காரணத்தை, எந்த வாசகத்தின் கீழ் மறுக்கப்பட்டது என்ற விபரத்தோடு எழுத்தில் கேட்க வேண்டும். குழுக் காப்புறுதியில் ஊழியரின் கைக்குப் பெரும்பாலும் சுருக்கம் மட்டுமே வருவதால், மூலப் பத்திரத்தைத் தாம் பணிபுரியும் நிறுவனத்திடம் கேட்டு வாசிக்க வேண்டும். விலக்கு வாசகம் தெளிவற்றதாக இருப்பின், அதை எழுதியவருக்குப் பாதகமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்பது காப்புறுதிச் சட்டத்தின் பழைய விதி. முதலில் காப்புறுதி நிறுவனத்திடமே முறையிட்டு, பயனில்லாதவிடத்து, காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் நடுவரான காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ செல்லலாம். வாசகம் ஐயமின்றித் தெளிவாக இருந்தால் அங்கும் பணம் கிடைப்பது அரிது. அந்நிலையில், குழுக் காப்புறுதியைப் புதுப்பிக்கும் வேளையில் அவ்விலக்கை நீக்குமாறு ஊழியர்கள் சேர்ந்து நிறுவனத்தைக் கேட்பதே வழி. ஒருவர் தனியாகக் கேட்டால் அவருடைய நோய் வெளிப்பட்டுவிடும். பலர் சேர்ந்து கேட்கும்போது அந்த அச்சம் இல்லை.

கேள்வி: ஆயுள் காப்புறுதி எடுக்கவிருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் பதகளிப்புக்கு (அளவுமீறிய பதற்றத்துக்கு) மருந்து எடுத்ததை விண்ணப்பத்தில் எழுத வேண்டாம் என்று முகவர் சொல்கிறார். எழுதாமல் விடலாமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். காப்புறுதி ஒப்பந்தம் முழுமையான நல்லெண்ணத்தின் மீது நிற்பது. கேட்கப்பட்ட விபரம் ஒன்றை மறைத்ததாகத் தெரியவந்தால், பிற்காலத்தில் நீங்கள் வேறொரு நோயால் இறந்தாலும் உங்கள் குடும்பத்துக்குரிய பணம் மறுக்கப்படலாம். முகவர் அப்போது அங்கே இருக்கமாட்டார். எந்தக் காலப்பகுதியில், என்ன மருந்து எடுத்தீர்கள், இப்போது எவ்வாறு இருக்கிறீர்கள் என்பவற்றை வைத்தியரின் கடிதத்தோடு எழுதுங்கள். அதனால் கட்டுப்பணம் கூட்டப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வேறொரு நிறுவனத்திடமும் விசாரித்துப் பாருங்கள். விண்ணப்பத்தின் பிரதி ஒன்றை உங்கள் மனைவியின் கையிலும் கொடுத்து வையுங்கள்.