முதலில் 0.049, மறுமுறை 0.11: எந்த முடிவை நம்புவது?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஒரு கரைசலில் ஊறிய 40 விதைகளையும் வெறும் நீரில் ஊறிய 40 விதைகளையும் முளைக்கவிட்டு வேர் நீளத்தை ஒப்பிட்டேன். கரைசலில் ஊறியவற்றின் வேர் சராசரியாக 6 மி.மீ. கூடுதல், பி மதிப்பு (கரைசலால் பலனே இல்லாதபோதும் இவ்வளவோ இதைவிடக் கூடுதலோ வேறுபாடு தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு) 0.049. அதே சோதனையைத் திரும்பச் செய்தேன். 4.9 மி.மீ. கூடுதல், ஆனால் பி மதிப்பு 0.11. முதல் முடிவு பொய்யா? அதை மட்டும் கட்டுரையாக அனுப்பலாமா?

பதில்: முதலாவதை மட்டும் அனுப்பாதீர்கள். அதற்காக அது பொய் என்றும் முடிவு கட்ட வேண்டாம்.

95% நம்பக இடைவெளியை, அதாவது தரவோடு பொருந்தக்கூடிய வேறுபாடுகளின் வரம்பை, கணக்கிட்டுப் பாருங்கள். முதல் சோதனையில் அது ஏறத்தாழ 0 முதல் 12 மி.மீ. வரை, இரண்டாவதில் -1 முதல் 11 வரை. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. பி மதிப்பு இதற்குக் கீழே இருந்தால்தான் முடிவை ஏற்பது என்று வழக்கமாக வைக்கும் 0.05 என்ற கோடு நடுவில் விழுந்ததால்தான் ஒன்று வெற்றியாகவும் மற்றது தோல்வியாகவும் தெரிகிறது. அந்தக் கோட்டை 1925-இல் பரப்பியவர் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர். வசதிக்காகத் தேர்ந்த எல்லை அது. ஹிக்ஸ் துகளை 2012-இல் அறிவித்த இயற்பியலாளர்கள் ஐந்து சிக்மா கேட்டார்கள்: துகளே இல்லாதபோது தற்செயலாக அப்படியொரு சமிக்ஞை தோன்றும் வாய்ப்பு சுமார் 35 லட்சத்தில் ஒன்று.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. உண்மையான வேறுபாடு சரியாக 6 மி.மீ. என்றே வைத்துக்கொண்டாலும், அதே 40 விதைகளோடு மறுமுறை 0.05-க்குக் கீழே வரும் வாய்ப்பு பாதிதான். அதை 80 விழுக்காடாக்கக் குழுவுக்கு 80 விதை வேண்டும். அந்த 6-உம் கூட மிகையாக இருக்கலாம். கோட்டை மயிரிழையில் தாண்டிய முடிவுகள் பெரும்பாலும் வேறுபாட்டை உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டுபவை. உண்மை 4.5 மி.மீ. என்றால் குழுவுக்கு 140-க்கு மேல் தேவை. உளவியலில் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து 2015-இல் வெளியிட்டார்கள். மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு கோட்டைத் தாண்டியவை, மறுமுறையில் 36 மட்டுமே தாண்டின. சிறிய மாதிரி அளவுக்கும் அதில் பெரிய பங்குண்டு என்பது என் கருத்து.

வேர் நீளத்தோடு இலை எண்ணிக்கை, எடை, முளைப்பு நாள் என்று வேறு அளவுகளையும் சோதித்தீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை, ஆனால் அவசியம் தெரிய வேண்டும். எந்த விளைவும் இல்லாத, ஒன்றோடொன்று தொடர்பற்ற 20 அளவுகளைத் தனித்தனியே சோதித்தாலும், ஒன்றாவது 0.05-க்குக் கீழே வரும் வாய்ப்பு 64 விழுக்காடு. சோதித்த அத்தனையையும் கட்டுரையில் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது சோதனைக்கு நேரமிருந்தால் குழுவுக்கு 140 விதைக்குக் குறையாமல் எடுங்கள். எதை அளப்பீர்கள், எந்தச் சோதனையால் பகுப்பீர்கள், எங்கே நிறுத்துவீர்கள் என்பதைத் தொடங்குமுன் எழுதி, பின்னர் மாற்ற முடியாதபடி ஒரு பொதுப் பதிவேட்டில் முன்பதிவு செய்துவிடுங்கள். பாதியில் பி மதிப்பை எட்டிப் பார்த்து, தாண்டியதும் நிறுத்துவது கூடவே கூடாது. நேரமில்லையென்றால் இரண்டு சோதனைகளையும் நம்பக இடைவெளியோடு அருகருகே கொடுங்கள். நெறியாளர் தயங்கினால், இரண்டு இடைவெளிகளையும் ஒரே வரைபடத்தில் போட்டு அவரிடம் காட்டுங்கள்.