ஒரே நேரத்தில் இரண்டு ஷவர், 24 கிலோவாட் காம்பி

வணக்கம். மாடியில் ஒருவர் குளிக்கும்போது கீழே ஷவரைத் திறந்தால் இரண்டிலும் வெந்நீர் நூலாக வடிகிறது, அதுவும் ஜனவரியில்தான் ரொம்ப மோசம் என்கிறீர்கள். பாய்லரில் பழுது இருப்பதாகத் தோன்றவில்லை. உங்களுடையது காம்பி, அதாவது வீட்டைச் சூடாக்குவதையும் குழாய் வெந்நீரையும் ஒன்றாகவே பார்த்துக்கொள்ளும் பாய்லர்; அதில் வெந்நீர்த் தொட்டி கிடையாது. தண்ணீர் ஓடும்போதே சூடாக்கியாக வேண்டும். 24 கிலோவாட் காம்பி, தண்ணீரை 35 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் நிமிடத்துக்குச் சுமார் 9.8 லிட்டர்தான் தரும். இங்கிலாந்துக் குளிரில் மெயின்ஸ் தண்ணீர் (தெருக் குழாயிலிருந்து வீட்டுக்கு வருவது) 5 டிகிரிக்கு இறங்கிவிட்டால், 40 டிகிரியில் குளிக்க அந்த 35-ம் வேண்டும். அது ஒரு நல்ல ஷவருக்கே சரியாகப் போய்விடும். கோடையில் தண்ணீர் 15 டிகிரியில் வரும்போது அதே சூட்டில் 13 லிட்டருக்கு மேல் கிடைக்கும்; அதனால்தான் அப்போது தெரியவில்லை.

பெரிய பாய்லருக்குப் பணம் கட்டும் முன் ஒரு வேலை செய்யுங்கள். சமையலறைக் குளிர்நீர்க் குழாயை முழுதாகத் திறந்து, வாளியில் ஒரு நிமிடம் பிடித்து அளந்து பாருங்கள். 10 லிட்டர்தான் வருகிறது என்றால் 35 கிலோவாட் போட்டாலும் காசு தண்டம், மெயின்ஸில் இல்லாததை பாய்லர் எங்கிருந்து தரும்? முதலில் வீட்டுக்குள் வரும் தண்ணீரை மூடித் திறக்கும் ஸ்டாப்காக்கைப் பாருங்கள், யாராவது பாதி மூடியபடி விட்டிருக்கலாம். 20 லிட்டருக்கு மேல் வந்தால், இரண்டு குளியலறைக்கு நான் அன்வென்டட் சிலிண்டர்தான் சொல்வேன், அதாவது மெயின்ஸ் அழுத்தத்திலேயே வெந்நீரைச் சேமித்துத் தரும் மூடிய தொட்டி. அதற்கு இடம் வேண்டும், இந்தச் சிலிண்டர்களைப் பொருத்துவதற்கான ஜி3 தகுதி உள்ளவர்தான் பொருத்த வேண்டும்.